லினக்ஸ் கணினியில் விண்டோஸ் தமிழ் எழுதிகள்: புதுச்சேரியை முன்வைத்து ஒரு வரலாறு

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழில் உருவான கணினிக் கோப்புகளில் பெரும்பகுதி விண்டோஸ் இயங்குதளத்துக்கான மென்பொருள்களில் எழுதப்பட்டது. பின்னர் லினக்ஸுக்கு மாறியவர்கள் இரண்டு கேள்விகளை எதிர்கொண்டனர். பழகிய தமிழ் எழுதியைப் புதிய கணினியில் இயக்க முடியுமா? அந்த எழுதியில் உருவாக்கிய கோப்புகளைப் படிக்க முடியுமா? முதல் கேள்விக்கு வைன் போன்ற மென்பொருள்கள் ஓரளவு விடை தந்தன. இரண்டாவது கேள்விக்கான விடை ஒருங்குறியிலும் திறந்த செந்தரங்களிலும் இருந்தது. தமிழும் பிரெஞ்சும் ஒரே தாளில் எழுதப்படும் புதுச்சேரி நகரத்தில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம்.

பின்னணி: இரு மொழி நகரம்

புதுச்சேரியின் ஆட்சிப் பொறுப்பு 1954 நவம்பர் 1 அன்று பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவுற்றது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் நகரில் வாழ்கின்றனர். கடற்கரையை ஒட்டிய பகுதியின் தெருப் பெயர்ப் பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்தே இருக்கின்றன.

1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் புதுச்சேரி மையமும் தமிழ், சமற்கிருதம், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஆய்வுகளை வெளியிட்டு வருகின்றன. இந்நகரில் பாதுகாக்கப்படும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இத்தகைய நகரத்தில் ஒரே பக்கத்தில் தமிழ் எழுத்து, பிரெஞ்சின் உச்சரிப்புக் குறியிட்ட எழுத்து, தமிழையும் சமற்கிருதத்தையும் உரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதும் குறியீடுகள் ஆகிய மூன்றும் வருவது அரிதான செய்தி அன்று. அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்களுக்கு அதுவே கடினமான வேலையாக இருந்தது.

எழுத்துருவே குறிமுறையாக இருந்த காலம்

ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒரு எழுத்துருவில் 256 இடங்களே இருந்தன. அவற்றின் முதற்பாதியில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் இருந்தன. மறுபாதியில் பிரெஞ்சு, செருமன் போன்ற மொழிகளின் சிறப்பெழுத்துகள் இருந்தன. தமிழ் எழுத்துரு செய்தவர்கள் இந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தனர். எந்த இடத்தில் எந்த எழுத்தை வைப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே முடிவு செய்தது.

பாமினி என்ற எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழை வைத்தது. அதில் 'தமிழ்' என்று எழுதிச் சேமித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி எழுத்துரு உள்ள கணினி அதைத் 'தமிழ்' என்று காட்டும். அது இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். அதாவது, கோப்பில் தமிழ் இல்லை. எழுத்துருவில்தான் தமிழ் இருந்தது.

இந்தக் குழப்பத்தைக் குறைக்கப் பல முயற்சிகள் நடந்தன. இணையத்தில் கூடிய தமிழ் ஆர்வலர்கள் திஸ்கி என்ற குறிமுறையை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு, தமிழுக்கு மட்டுமான டாம், தமிழும் ஆங்கிலமும் கலந்த டாப் ஆகிய இரு குறிமுறைகளை ஏற்றது. தமிழ்99 விசைப்பலகையும் அப்போது செந்தரமாக்கப்பட்டது. ஆயினும் அச்சகங்களும் அலுவலகங்களும் தாம் வாங்கிய எழுத்துருக்களையே தொடர்ந்து பயன்படுத்தின.

திஸ்கி, டாப் போன்ற இருமொழிக் குறிமுறைகளில் ஆங்கிலம் பாதுகாப்பாக இருந்தது. தமிழ் மறுபாதியில் அமர்ந்தது. பிரெஞ்சின் உச்சரிப்புக் குறியிட்ட எழுத்துகள் இருந்த இடமும் அதுவே. எனவே ஒரே எழுத்துருவில் தமிழையும் பிரெஞ்சையும் எழுத இயலவில்லை. ஒவ்வொரு மொழிக்கும் எழுத்துருவை மாற்ற வேண்டும். அந்தக் கோப்பை எழுத்துரு அமைப்பை நீக்கி வேறு மென்பொருளில் ஒட்டினால், பிரெஞ்சுச் சொல்லின் நடுவே தமிழ் எழுத்து முளைக்கும். அல்லது தமிழ் வரி முழுவதும் குறியிட்ட பிரெஞ்சு எழுத்துகளாகும். ஆங்கிலமும் தமிழும் மட்டும் எழுதுவோர் அதிகம் உணராத இந்தச் சிக்கல், பிரெஞ்சும் எழுத வேண்டியிருந்த புதுச்சேரியில் அன்றாடச் சிக்கலாக இருந்தது.

விண்டோஸில் வளர்ந்த தமிழ் எழுதிகள்

முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், பா. விசுவநாதனின் அழகி, தமிழா குழுவின் எ-கலப்பை, நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் ரைட்டர் ஆகியவை விண்டோஸில் பரவலாகப் பயன்பட்ட தமிழ் எழுதிகள். அச்சுத் தொழிலில் அடோபியின் பேஜ்மேக்கர் கோலோச்சியது. அதன் கடைசிப் பெரும் பதிப்பான 7.0 2001இல் வெளிவந்தது. பின்னர் அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்ட போதும், திருமண அழைப்பிதழ் முதல் சிற்றிதழ் வரை பலவும் அதில் தொடர்ந்து உருவாயின.

விண்டோஸ் 2000 பதிப்பு லதா எழுத்துருவுடன் தமிழ் ஒருங்குறிக்கு ஆதரவு தந்தது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டிருந்தாலும், அது பொதுமக்களின் மேசைக்கு வந்து சேரப் பத்தாண்டுகளாயின. 2000களின் நடுப்பகுதியில் வலைப்பூக்கள் பெருகியபோது ஒருங்குறியும் பெருகியது. புதுவை வலைப்பதிவர் சிறகம் 2007 டிசம்பரில் புதுச்சேரியில் தமிழ்க் கணினிப் பயிலரங்கு நடத்தியது. புதுச்சேரியில் பணியாற்றிய தமிழ்ப் பேராசிரியர் மு. இளங்கோவன் பல ஊர்களின் கல்லூரிகளில் தமிழ் இணையப் பயிலரங்குகளை நடத்தி, தமிழ்99 விசைப்பலகையை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார்.

லினக்ஸுக்கு மாறியதன் காரணங்கள்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், குனு திட்டத்தின் கருவிகளுடன் இணைந்து முழு இயங்குதளமானது. உரிமக் கட்டணம் இல்லை என்பது இதன் முதல் ஈர்ப்பு. நிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உள்ள உரிமை, குறிப்பாக மொழிசார் பணிகளுக்கு, அதைவிடப் பெரிய ஈர்ப்பு. சென்னையில் ழ கணினி என்ற திட்டம் லினக்ஸின் பணிச்சூழலைத் தமிழில் தர முயன்றது. தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கரின் தலைமையில் 2000களின் பிற்பகுதியில் தன் அலுவலகக் கணினிகளில் சூசே லினக்ஸைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழிலேயே எழுதியது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், அருகிலுள்ள விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவும் மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகின்றன.

2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. பழைய கணினியில் புதிய விண்டோஸ் ஓடாது. பாதுகாப்பு இற்றைகள் இல்லாத எக்ஸ்பியை இணையத்தில் இணைப்பதும் ஆபத்து. அத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் மறுவாழ்வு தந்தது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தபோது அதே நிலை மீண்டும் வந்தது.

வைன் எவ்வாறு இயங்குகிறது

விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் இயக்கும் வைன் திட்டம் 1993இல் தொடங்கியது. 1994 முதல் அலெக்சாண்டர் ஜூலியார் அதை வழிநடத்தி வருகிறார். பதினைந்து ஆண்டுக் கால உழைப்புக்குப் பின் 2008 ஜூன் 17 அன்று அதன் 1.0 பதிப்பு வெளியானது.

வைன் ஒரு முழுக் கணினியைப் போலியாகப் படைப்பதில்லை. விண்டோஸ் மென்பொருள் ஒன்று 'சாளரம் திற', 'கோப்பைப் படி', 'இந்த எழுத்தை வரை' என்று தன் இயங்குதளத்திடம் கேட்கும். அந்தக் கோரிக்கையை வைன் வாங்கி, லினக்ஸுக்குப் புரியும் கோரிக்கையாக மாற்றித் தரும். 'சி' இயக்ககம், எழுத்துருக் கோப்புறை முதலியவற்றைப் பயனரின் அடைவுக்குள் ஒரு மறைவான கோப்புறையில் அமைத்துக்கொள்ளும். விண்டோஸ் உரிமம் தேவையில்லை.

தமிழைப் பொறுத்தவரை வைனில் ஒரு முரண் இருந்தது. பழைய 256 இட எழுத்துருக்கள் அதில் எளிதாக வேலை செய்தன. அந்த எழுத்துருவை நகலெடுத்து வைத்தால் போதும். வைன் அதை ஆங்கில எழுத்துபோலவே ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தது. ஒருங்குறித் தமிழுக்கோ எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் திறன் வேண்டும். 'கொ' என்பதில் ககரத்தின் இருபுறமும் குறிகள் விழ வேண்டும். இந்தத் திறன் வைனில் நீண்ட காலம் நிறைவாக இல்லை. செந்தரத்தை மீறிய பழைய முறை ஒழுங்காகத் தெரிய, செந்தரமான புதிய முறை உடைந்து தெரிந்தது.

இரண்டாவது தடை விசைப்பலகை. எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவை தனியே எழுதுபக்கம் இல்லாமல் பின்னணியில் இயங்குபவை. பயனர் அழுத்தும் விசையை இடைமறித்து, அதற்குரிய தமிழ் எழுத்தை அனுப்புவதே அவற்றின் வேலை. வைனுக்குள் இயங்கும் எழுதியால் வைனுக்குள் திறந்துள்ள சாளரங்களின் விசைகளை மட்டுமே இடைமறிக்க முடியும். லினக்ஸுக்கே உரிய லிப்ரே ஆபிஸிலோ ஃபயர்பாக்ஸ் உலாவியிலோ அதனால் தமிழ் எழுத இயலாது. தனக்கென எழுதுபக்கம் கொண்ட மென்பொருள் மட்டுமே வைனில் ஓரளவு பயன்பட்டது. அதில் எழுதிய பின், படியெடுத்து வேறு மென்பொருளில் ஒட்டிக்கொள்ளலாம்.

முழு விண்டோஸையும் ஒரு மெய்நிகர் கணினிக்குள் நிறுவுவது மற்றொரு வழி. அதில் எல்லாம் வேலை செய்யும். ஆனால் விண்டோஸ் உரிமமும் கூடுதல் நினைவகமும் தேவை. பழைய கணினியைக் காப்பாற்ற லினக்ஸுக்கு வந்தவர்களுக்கு இது பயன்படவில்லை.

லினக்ஸின் சொந்த வழி

விண்டோஸ் எழுதியை இறக்குமதி செய்வதற்குப் பதிலாக, லினக்ஸிலேயே தமிழ் உள்ளீட்டை அமைக்கும் பணி இணையாக நடந்தது. எம்17என் என்ற நூலகத்தில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு, இன்ஸ்கிரிப்ட் ஆகிய விசைப்பலகை முறைகள் சேர்க்கப்பட்டன. ஸ்கிம் என்ற உள்ளீட்டுக் கட்டமைப்பும் பின்னர் ஐபஸும் அவற்றை எல்லா மென்பொருள்களுக்கும் கிடைக்கச் செய்தன. ரெட் ஹாட் நிறுவனம் 2004இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட லோகித் எழுத்துருக்களில் தமிழும் இருந்தது. இன்று ஒரு லினக்ஸ் கணினியில் தமிழ் எழுத, அமைப்புகளில் தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தால் போதும்.

கீமேன் மென்பொருளின் கதை இங்கே கவனிக்கத்தக்கது. எ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் விண்டோஸுக்கான கீமேனை அடித்தளமாகக் கொண்டவை. கீமேனில் விசைப்பலகையின் விதிகள் ஒரு தனிக் கோப்பில் இருக்கும். இயக்கும் மென்பொருள் வேறாக இருக்கும். இதனால் அந்த விதிக் கோப்புகளை லினக்ஸில் படிக்கும் மென்பொருளை எழுத முடிந்தது. 2015இல் கீமேனை ஏற்ற சில் இன்டர்நேஷனல் அமைப்பு 2017இல் அதைக் கட்டற்ற மென்பொருளாக்கியது. வைன் இல்லாமலேயே ஒரு விண்டோஸ் விசைப்பலகை லினக்ஸுக்கு வர முடிந்தது, அதன் விதிகள் மென்பொருளுக்குள் பூட்டப்படாமல் இருந்ததால்தான்.

தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியைச் செந்தரமாக ஏற்றது. ஒருங்குறி ஏற்காத மென்பொருள்களுக்காகத் தமிழ் அனைத்தெழுத்து 16 பிட்டு குறிமுறையையும் அங்கீகரித்தது. 2014 செப்டம்பரில் பதின்மூன்றாவது தமிழ் இணைய மாநாடு புதுவைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அப்போது தமிழில் எழுதுவது எப்படி என்ற கேள்வி பெருமளவு தீர்ந்திருந்தது. ஏற்கெனவே எழுதியவற்றை என்ன செய்வது என்ற கேள்வி தீரவில்லை.

பழைய கோப்புகளும் பெயர்த்தெழுதுதலும்

பனையோலை சில நூற்றாண்டுகளில் சிதைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் சுவடியைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியது. நூல் நிலைத்தது இப்படித்தான். கணினிக் கோப்புக்கும் இதுவே பொருந்துகிறது. வைன் வழியே பழைய எழுதியை இயக்குவது, பழைய ஓலையை இன்னும் சில ஆண்டுகள் புரட்டுவதற்கு ஒப்பானது. அது தேவையான பணி. கோப்பைத் திறந்தால்தானே படியெடுக்க முடியும். ஆனால் நிலைத்திருக்க வேண்டுமானால் ஒருங்குறியில் பெயர்த்தெழுதியாக வேண்டும்.

பெயர்த்தெழுதுவது இயந்திர வேலை மட்டுமன்று. பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்திக் காட்டப்படுவதில்லை. பதிப்பாசிரியரே இடம்நோக்கிப் பிரித்தறிய வேண்டும். பழைய எழுத்துருக்களிலும் இதேபோன்ற மயக்கம் உண்டு. ஔகாரக் குறிக்குத் தனி இடம் ஒதுக்காமல் பல எழுத்துருக்கள் ளகரத்தையே பயன்படுத்தின. அதனால் 'பௌர்ணமி' என்பது கோப்பில் 'பெளர்ணமி' என்றே இருக்கும். எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்றும்படி மாற்றிக்குக் கட்டளையிட்டால் 'வெளி', 'தெளிவு' ஆகிய சொற்கள் சிதையும். மாற்றாமல் விட்டால் 'பௌர்ணமி' பிழையாகவே நிற்கும், தேடலிலும் அகப்படாது. இன்றும் இணையத்தில் காணப்படும் 'கெளரவம்', 'வெளவால்' போன்ற வடிவங்களில் பல இந்த வழியில் வந்தவை.

பிரெஞ்சு கலந்த கோப்பில் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஒரே எண் ஓரிடத்தில் தமிழ் எழுத்தையும் மற்றோரிடத்தில் பிரெஞ்சு எழுத்தையும் குறிக்கும். எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருந்தது என்ற செய்தி கோப்பின் வடிவமைப்பில் மட்டுமே உள்ளது. வெறும் உரையாகச் சேமித்தால் அந்தச் செய்தி அழிந்துவிடும். எனவே கோப்பை அதன் சொந்த மென்பொருளில் திறந்து, எழுத்துரு வேறுபாட்டைக் காத்துக்கொண்டே மாற்ற வேண்டும். வைனின் உண்மையான பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. 2015 தொடக்கத்தில் வெளியான லிப்ரே ஆபிஸ் 4.4 பதிப்பு பேஜ்மேக்கர் கோப்புகளை நேரடியாகத் திறக்கும் வசதியையும் சேர்த்தது. பக்க அமைப்பு முழுமையாக வராவிட்டாலும் உரையை மீட்க அது உதவும். மீட்ட உரை பழைய குறிமுறையிலேயே இருப்பதால், அதன்பின் ஒருங்குறி மாற்றி தேவைப்படும்.

செய்து முடித்த எடுத்துக்காட்டு ஒன்றும் புதுச்சேரியிலேயே உண்டு. பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரக்கிழக்கு ஆய்வுப் பள்ளியும் இணைந்து 2007இல் கணினித் தேவாரத்தைக் குறுந்தகடாக வெளியிட்டன. வி. எம். சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அமைந்த அதை ழான்-லுக் செவியாரும் எஸ். ஏ. எஸ். சர்மாவும் உருவாக்கினர். பின்னர் அது இணையத்திலும் கிடைத்தது. குறுந்தகட்டுச் செலுத்திகள் கணினிகளிலிருந்து மறைந்துவிட்ட பிறகும், உலாவி உள்ள எந்த இயங்குதளத்திலும் அதைப் படிக்கலாம். அந்நூல் ஒரு மென்பொருளின் ஆயுளோடு தன் ஆயுளைப் பிணைத்துக்கொள்ளவில்லை.

மதிப்பீடு

விண்டோஸ் எழுதிகளை லினக்ஸில் இயக்கும் தேவை படிப்படியாகக் குறைந்துவிட்டது. புதிதாக எழுதுவோருக்கு லினக்ஸின் விசைப்பலகைகளே போதும். ஆனால் 1990களிலும் 2000களிலும் உருவான ஆய்வேடுகள், சிற்றிதழ்கள், மலர்கள், குடும்ப ஆவணங்கள் பல இன்னும் பழைய குறிமுறைகளில் நெகிழ்தட்டுகளிலும் குறுந்தகடுகளிலும் வன்தட்டுகளிலும் கிடக்கின்றன. அவற்றை உருவாக்கிய மென்பொருள்களில் பலவற்றுக்கு இன்று வளர்ச்சி இல்லை. மூன்று நூற்றாண்டுப் பழைமையான ஓலையைப் பயிற்சி உள்ளவர் இன்றும் கண்ணால் படித்துவிட முடியும். முப்பது ஆண்டுப் பழைய கோப்பைப் படிக்க எழுத்துருவும் மென்பொருளும் வேண்டும். அவை கையில் இருக்கும்போதே கோப்புகளைத் திறந்து, ஒருங்குறிக்கு மாற்றி, பிழை திருத்தி வைப்பதே எஞ்சியுள்ள பணி. அதற்குத் தேவையான கருவிகளில் வைனும் ஒன்று.